பொட்டு வைத்த தூண்

வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ப்ளோ ரூம் என்று ஓர் இடம் உண்டு. பொதி பொதியாக வரும் பஞ்சை உடைத்து, உதறி, தூசி பிரிக்கிற கூடம். அங்கே மிஷின் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மகேஸ்வரி பேசினால் மட்டும் கேட்கும். பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்து, அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டியே வளர்ந்த தொண்டை அது.

சேர்ந்த புதிதில் மில் விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட வெளியே விடமாட்டார்கள். கேட்டால் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு என்பார்கள். பூட்டி வைப்பதற்கு நம் நாட்டில் வைத்திருக்கிற மரியாதையான பெயர் அது. சித்தி மகள் கல்யாணத்துக்குப் போக அனுமதி கேட்டாள். வார்டனம்மா முடியாது என்றார். மகேஸ்வரி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் மில் கேட்டுக்கு நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டாள். பஞ்சு லாரி உள்ளே வர முடியாமல் ஹாரன் அடித்தது. "எந்திரி" என்றார்கள். "சாப்பிட்டுட்டு எந்திரிக்கிறேன்" என்றாள். ஒரு தூக்குச் சோற்றை மத்தியானம் வரைக்கும் தின்றாள். கல்யாணத்துக்கும் போனாள்.

அவளைக் கட்டிக்கொண்ட சடையாண்டி அதே மில்லின் பஸ் டிரைவர். யாரோடும் சண்டை போடத் தெரியாத மனிதர். ரோட்டில் மாடு படுத்திருந்தால் ஹாரன் அடிக்காமல், இறங்கிப் போய் எழுப்பிவிட்டு வருவார். அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போய், டாக்டர் இன்சுலின் எழுதிவிட்டார். அந்த ஊசியை அவர் திருட்டுக் காரியம் போலத்தான் போட்டுக்கொண்டார். மருந்து ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பின்னால் இருக்கும். ஊசி போடும்போது அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

"யாரு பாக்கப் போறா? எதுக்குக் கதவச் சாத்துறீங்க?" என்பாள் மகேஸ்வரி.

"ஊசி போடுறவன நம்பி மொதலாளி பஸ்ஸக் குடுப்பாரா? வெளிய தெரிஞ்சா நாளைக்கே சாவிய வாங்கிருவாக."

நோயாளி தன் மருந்தை ஒளித்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. அதில் யாருக்கும் வெட்கமில்லை.

ஒருநாள் அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகள் வரிசையில் இருவரும் நின்றிருந்தபோது ஒரு பெண் வந்து பேசினாள். பெயர் பரணி. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஆளுக்கு ஒரு சின்னக் குழாய் ரத்தம் வேண்டும் என்றாள்.

"எதுக்கும்மா?"

"சர்க்கரை இருக்கவங்க ரத்தத்துல சில நொதிங்க எம்புட்டு வேலை செய்யுதுன்னு அளக்கணும்க்கா. ஒப்பிட்டுப் பாக்கச் சர்க்கரை இல்லாதவங்க ரத்தமும் வேணும். சார் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

"தாரோம். ஆனா ஒண்ணு. இங்க வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனவுக போனவுகதான். நீ என்னத்தக் கண்டுபிடிச்சேன்னு வீட்டுக்கு வந்து சொல்லணும். சொல்லுவியா?"

"வந்து சொல்றேன்க்கா."

மாதங்கள் கழித்து, சொன்னபடி வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள் பரணி. மகேஸ்வரிக்கே ஆச்சரியம்தான். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

மூச்சு விடுகிற எந்த உயிருக்குள்ளும் ஆக்சிஜன் ஓயாமல் வேலை செய்கிறது, அப்போது பொறி மாதிரிச் சில தெறிக்கும் என்று பரணி ஆரம்பித்தாள். அந்தப் பொறி பட்ட இடத்தைக் கெடுக்கும். அதை உடனுக்குடன் அணைக்க, ரத்தச் சிவப்பணுவுக்குள் சில நொதிகள் காவல் இருக்கின்றன. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதையோன் பெராக்சிடேஸ். பேரைக் கேட்டதும் சடையாண்டி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

மகேஸ்வரி மட்டும், "எங்க ப்ளோ ரூம் மாதிரின்னு சொல்லு" என்றாள். "பஞ்சுக்குள்ள கம்பித் துண்டு கெடந்தா மிஷின் பல்லுல பட்டுப் பொறி தெறிக்கும். மணல் வாளியோட ஆளு நிப்பாக. தரை சுத்தமா இருந்தா அணைச்சிருவாக. பஞ்சு குமிஞ்சு கெடந்தா எத்தன ஆளு நின்னும் பத்தாது."

பரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதேதான்க்கா. ரத்தத்துல சர்க்கரை கூடுனா பொறியும் கூடும். போதாததுக்கு, அணைக்கிற ஆளு மேலயே சர்க்கரை ஒட்டிக்கிட்டு அவன் கையக் கட்டிப்போட்டுரும்."

"வெளியேருந்து ஆளக் கூட்டியாந்து விட்டா?"

"விட முடியாதுக்கா. அது அணுவுக்குள்ளேயே உருவாகுறது. வாயில போட்டா வயிறு அதப் பருப்பு, மீனு மாதிரி செரிச்சுப்புடும். குமிஞ்ச பஞ்சக் கூட்டி அள்ளணும். அதாவது சர்க்கரையக் கொறைக்கணும். ஊசி செய்யிறது அந்த வேலைதான்."

கிழித்துப் போட்டிருந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பரணி இரண்டு தூண் வரைந்து, எது யாருடையது என்று கீழே எழுதினாள். உயரமானது சர்க்கரை இல்லாதவர்களுடையது. குட்டையானது சர்க்கரை உள்ளவர்களுடையது. தூணின் உயரம்தான் நொதியின் வேலை. "இது உங்க ரெண்டு பேரோட அளவு மட்டும் இல்லக்கா. உங்கள மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரத்தம் குடுத்த எல்லாரோட சராசரி" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கயலுக்குச் சராசரியெல்லாம் தெரியாது. உயரமான தூண் அம்மா, குட்டைத் தூண் அப்பா. ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அம்மாவுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தாள். அப்பாவுக்கு மீசை வரைந்தாள். தாள் அடுப்படிச் சுவருக்குப் போனது.

அந்தச் சுவரைத்தான் பொன்னழகு பார்த்தான்.

பொன்னழகு மகேஸ்வரியின் தம்பி. செல்போன் கடை வைத்தான், கோழிப் பண்ணை வைத்தான், ஒன்றும் நிற்கவில்லை. இப்போது ரத்தஜோதிப் பொடி விற்கிறான். கடையில் கிடைக்காது, சொந்தக்காரர் மூலமாகச் சொந்தக்காரருக்கு மட்டும். சேர்ந்தவன் நாலு பேரைச் சேர்த்தால் சில்வர், மேலே கோல்டு, அதற்கும் மேலே டைமண்டு. நம் ஊரில் இந்த வியாபாரம் ஓடுவதற்குக் காரணம் பொடியில் இல்லை. மாமன் மச்சான் உறவில் இருக்கிறது. நாளைக்குப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்றால் தாய்மாமன் மடி வேண்டும். சீர்த்தட்டு அவன் வீட்டிலிருந்து வர வேண்டும். அப்படிப்பட்டவன் ஒரு டப்பாவை நீட்டினால் வேண்டாம் என்று எவன் சொல்வான்? கயலுக்குக் காதுகுத்து ஆவணியில் வைப்பதாக ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

பொன்னழகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, புண்ணுக்குப் போடும் பெட்டாடின் மருந்தைச் சொட்டுவிட்டான். தண்ணீர் பழுப்பானது. "மச்சான், இதான் உங்க ரத்தம்" என்றான். ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கினான். தண்ணீர் வெளுத்துவிட்டது.

"பாத்தீங்களா. ஆன்டி ஆக்ஸிடென்ட்டு. ஊசியே வேணாம் மச்சான். எங்க டைமண்டு அண்ணன் ஊசிய நிறுத்தி ரெண்டு வருசமாச்சு."

சடையாண்டியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை மகேஸ்வரி பார்த்தாள். ஊசி இல்லை என்றால் ஒளிப்பதும் இல்லை, பயமும் இல்லை. மனிதனின் பயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இந்த வியாபாரிகள் கடை போடுவார்கள்.

பொன்னழகு தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவன் சுவரில் இருந்த தாளைப் பார்த்து, "என்னக்கா இது?" என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் செல்லில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். கயல் வரைந்த மீசைக்காக எடுக்கிறான் என்று நினைத்து அவளும் சிரித்தாள்.

அவன் போன பிறகு மகேஸ்வரி அதே டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பெட்டாடினைச் சொட்டினாள். பொடிக்குப் பதிலாக ரசத்துக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தாள். அதுவும் வெளுத்தது.

"வந்து பாருங்க. எலுமிச்சங்காயும் டைமண்டு ஆயிருச்சு."

சடையாண்டி பார்த்தார். "சரிதான். ஆனா மாப்ள ஆசையாக் கொண்டாந்துருக்கான். காதுகுத்து வேற வருது. ஊசியும் போட்டுக்கிறேன், பொடியும் குடிச்சுக்கிறேன். போதுமா?"

அவளும் விட்டுவிட்டாள். இருபத்து நாலு மணி நேரமும் சண்டை போட யாராலும் முடியாது. அதுதான் அவள் செய்த தப்பு.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொடிக்காரர்களின் கூட்டம். மேடையில் ஏறி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று பொன்னழகு மச்சானிடம் வாக்கு வாங்கியிருந்தான். காலையில் சடையாண்டி கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அறைக்குள் நுழைந்தபோது வலது காலைச் சட்டென்று உள்ளே இழுத்தார். அவள் குனிந்து சாக்ஸைக் கழற்றினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. புண்ணில் வாடை வந்தது.

"புது ஷூ கடிச்சிருச்சு. வலியே இல்ல மகேசு."

"வலி இல்லாததுதாங்க வினையே."

மருந்துப் பெட்டியிலிருந்து பெராக்சைடை எடுத்து ஊற்றினாள். புண் வெள்ளையாக நுரைத்தது. அந்த நுரையும் கேட்டலேஸ் செய்கிற வேலைதான் என்று பரணி சொன்னது நினைவு வந்தது. எரிகிற வீட்டுக்குள் ஒரே ஓர் ஆள் மணல் வாளியோடு ஓடுவது போல இருந்தது. எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். இட்லி மாவுக்குப் பின்னால் இருந்த மருந்துக் குப்பியின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"எம்புட்டு நாளா போடல?"

அவர் கழற்றிய சாக்ஸை எடுத்து மறுபடி மாட்டினார்.

"கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு."

"மேடையில ஏறிட்டு நேரா வாரேன். வாக்குக் குடுத்துட்டேன். மாப்ள மானம் போயிரும்."

"மானம் மறுபடி மொளைக்கும். வெரலு மொளைக்குமா?"

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. பொன்னழகு அனுப்பிய கார். சண்டை போடத் தெரியாத மனிதர் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மகேஸ்வரி கயலை இழுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். மேடையிலிருந்து இறங்கியதும் அப்படியே ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போவது என்று முடிவு செய்திருந்தாள். அதற்கு மேல் அவள் எதுவும் யோசிக்கவில்லை.

மண்டபத்தில் பொங்கல், வடை வாசம். கோட்டுப் போட்ட டைமண்டு மேடையில் இருந்தார். அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். அதைப் பார்த்ததும் மகேஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு தூண்கள். குட்டைத் தூணுக்குக் கீழே 'பொடிக்கு முன்'. உயரத் தூணுக்குக் கீழே 'பொடிக்குப் பின்'. போட்டோவை அப்படியே பெரிதாக்கியிருந்தார்கள். பழைய எழுத்தைத்தான் மறைத்திருந்தார்கள்.

"திண்டுக்கல் மக்களோட ரத்தத்துல, நம்ம மண்ணுல நடந்த ஆராய்ச்சி இது" என்று டைமண்டு சொல்லிக்கொண்டிருந்தார். "பொடிக்கு முன்னாடி நொதி இம்புட்டு. பொடிக்குப் பின்னாடி அம்புட்டு. இப்ப நம்ம சடையாண்டி அண்ணன் மேடைக்கு வருவாரு. ஊசிய நிறுத்திட்டு இன்னிக்கும் பஸ் ஓட்டுறாரு."

கைதட்டல். சடையாண்டி மெல்ல மேடை ஏறினார். வலது காலைத் தரையில் அழுத்தாமல் ஏறியதை மகேஸ்வரி மட்டும்தான் கவனித்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றாள் நடுக் கூட்டத்திலிருந்து.

"கேளுங்க சகோதரி."

"அந்த ஒசந்த தூணு உச்சியில செவப்பா இருக்கே, அது என்னண்ணே?"

டைமண்டு திரும்பிப் பார்த்தார். "அது ரத்தம் சுத்தமானதக் காட்டுற குறி."

"சரிண்ணே. அப்ப குட்டைத் தூணுல மீசை?"

கூட்டம் பிளெக்ஸை உற்றுப் பார்த்தது. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு பின் வரிசையே சிரித்தது.

"அந்தப் பொட்டு எம்மக வச்சதுண்ணே. மீசை அவ அப்பனுக்கு வரைஞ்சது. எங்க வீட்டு அடுப்படிச் சொவத்துல இருக்கு. யாரு வேணாலும் வந்து பாத்துக்கங்க. அந்த ஒசந்த தூணுல எங்கள மாதிரிச் சர்க்கரை இல்லாதவுக ரத்தம் இருக்கு. என் ரத்தமும் இருக்கு. நாங்க யாரும் ஒங்க பொடிய மோந்துகூடப் பாத்ததில்ல. குட்டையில சர்க்கரை இருக்கவுக ரத்தம் இருக்கு. என் வீட்டுக்காரரு ரத்தம் அதுல. ரெண்டு கூட்டத்த ஒரே ஆளு மாதிரிக் காட்டி, நடுவுல பொடியத் தூவிட்டீங்க."

மைக்கை அணைத்தார்கள், பாட்டைப் போட்டார்கள். ப்ளோ ரூம் தொண்டையைப் பாட்டு என்ன செய்யும். அவள் பேசுவது கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

பொன்னழகு ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது. "அக்கா, ஒக்காருக்கா. வீட்டுல போயிப் பேசிக்குவோம்."

"வீட்டுல எடுத்தத நீதான்டா இங்க கொண்டாந்து மாட்டிருக்க. இங்கதான் பேசணும்."

"நான் அனுப்புனது நெசம். எழுத்த மாத்துனது நான் இல்லக்கா."

"மாத்திருக்குன்னு தெரிஞ்சும் கைதட்டுனதானே."

 டைமண்டு குறுக்கே வந்தார். "குடும்பப் பிரச்சனைய இங்க கொண்டு வராதீங்க சகோதரி. இவரப் பாருங்க, குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரு."

மண்டபம் முழுவதும் சடையாண்டியைப் பார்த்தது. மகேஸ்வரியும் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் மேடை ஏறிப் போய் அவர் ஷூவைக் கழற்ற அவளால் முடியும். ஆனால் அந்தக் கால் அவருடையது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் அரிதாகச் செய்த காரியம் அது.

சடையாண்டி மேடையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். சாக்ஸை உருவினார். முன் வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"மாப்ள" என்றார். மைக் இல்லாததால் மெதுவாகத்தான் கேட்டது. "நான் ஊசிய நிறுத்துனது நெசம். இதுவும் நெசம்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஊசி போடுறவுக யாராச்சும் நிறுத்தியிருந்தா, வீட்டுக்குப் போயிப் போட்டுக்கங்கப்பா" என்றார்.

மகேஸ்வரி அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொன்னழகு வாசலில் வழிமறித்தான். "என்னயத் தலைநிமிர விடாமப் பண்ணிட்ட. இனி ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். ஆவணிக்கு வேற மடியத் தேடிக்க."

"மடிதானே. எங்கிட்டயே ஒண்ணு இருக்கு. நீ மொதல்ல ஒரு ஆட்டோவக் கூப்புடு."

அவன் கூப்பிடவில்லை. பின்னால் வந்த யாரோ ஒரு அம்மாள்தான் கூப்பிட்டாள். அவள் கையிலும் ஒரு டப்பா இருந்தது. ஆட்டோ கிளம்பும்போது அதை மண்டபத்து வாசலில் வைத்துவிட்டு நடந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டித் தீர்த்தார். சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. வார்டில் கண் விழித்ததும் சடையாண்டி முதலில் கட்டைவிரலை ஆட்டிப் பார்த்தார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற விரல்.

பரணி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். போலி பிளெக்ஸைப் பற்றி அவளும் அவள் பேராசிரியரும் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கும்பல் கடையைச் சுருட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே பிளெக்ஸில் பொட்டு இருக்காது. ஏமாற்றுகிறவனும் பாடம் படிக்கிறான். அதனால் நாம் அவனைவிட வேகமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் சடையாண்டி மேனேஜருக்குப் போன் போட்டு, தான் இன்சுலின் போடுகிறவன் என்று தானே சொன்னார். மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார். பஸ் ஷெட்டில் வேலை என்றார். "ஊசி போட்டுக் கட்டுப்பாட்டுல இருக்கவன் ஓட்டக் கூடாதா, ஊசி போடாம ஒளிச்சுக்கிட்டிருந்தவன் ஓட்டலாமா?" என்று மகேஸ்வரி ஆபீஸில் போய்க் கேட்டாள். டாக்டர் சான்று கொடுத்தால் யோசிப்பதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் வரும் பெண்களும் அவளோடு போய்க் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. சோற்றுத் தூக்கு அவளிடம் இன்னும் இருக்கிறது.

ஆவணியில் கயலுக்குக் காதுகுத்து. கோயிலுக்குப் போகவில்லை, வீட்டு வாசலில் பந்தல். பொன்னழகு வரவில்லை. சொந்தக்காரர்கள் கிசுகிசுத்தார்கள். ஆசாரி தங்க ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"தாய்மாமன் எங்கம்மா? யாரு மடியில ஒக்கார வைக்கிறது?"

மகேஸ்வரி சம்மணம் போட்டு உட்கார்ந்து மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "காது பிள்ளையோடது. மடி என்னோடது. ரெண்டும் தயாரா இருக்கு. நீங்க குத்துங்க."

"தாய்மாமன் இல்லாம எப்பிடி..."

"ஒங்க ஊசிக்குக் காதுதானே அடையாளம் தெரியணும். உறவுமுறை எதுக்குங்க?"

ஒரு கிழவர் சிரித்தார். ஆசாரி குத்தினார். கயல் வீறிட்டாள். ஒரு காது முடிந்து அழுகை ஓயட்டும் என்று ஆசாரி காத்திருந்தபோது, சடையாண்டி உள்ளே போய் இன்சுலினை எடுத்து வந்தார். பந்திக்கு நேரமாகியிருந்தது. கதவு திறந்தேதான் கிடந்தது. பந்தலின் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டார்.

கயல் அழுகையை நிறுத்திப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு வலிக்கலயா?"

"கொஞ்சம் வலிக்கும் அப்பு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். ஆசாரியின் பக்கம் இன்னொரு காதைத் திருப்பிக் கொடுத்தாள்.